கிழக்குத் தோட்டத்துக் கம்பி

பிப்ரவரி 3, சனி

டிடெக்டர் வந்துவிட்டது. பத்து மணிக்கு வருகிறேன் என்று போனில் சொன்ன கூரியர்காரர் 11.20க்கு வந்தார். இருபத்தொன்பது வருடம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். அந்தக் காலமாக இருந்தால் மெமோ வாங்காமல் வாசலைத் தாண்டியிருக்க மாட்டார். மோர் கொடுத்து அனுப்பினேன்.

பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரர் படம். மண்டி போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் தங்கக் காசுகளை வைத்துக்கொண்டு இளிக்கிறார். எனக்குத் தங்கம் வேண்டாம். கம்பி வேண்டும்.

எதற்கு என்பதை முதல் நாளே எழுதி வைத்துவிடுகிறேன். பிறகு யாரும் மாற்றிப் பேச முடியாது. மாட்டுப் பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் பவுனு செத்துப்போனாள். நாலு ஈத்து கண்ட மாடு. கால்நடை டாக்டரம்மா யாஸ்மின் தோட்டத்திலேயே வைத்து அறுத்துப் பார்த்தார். வயிற்றிலிருந்து நெஞ்சு வரை குத்திப் போயிருந்த கம்பித் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். சுண்டுவிரல் நீளம். சோளத்தட்டோடு சேர்ந்து வெட்டுப்பட்டு உள்ளே போயிருக்கிறது. அந்தச் சோளத்தட்டு எங்கள் கிழக்குத் தோட்டத்தில் விளைந்தது. அதை ஒட்டிய தோட்டம் குழந்தைவேலுவுடையது. ஐப்பசியில் அவர் புதிதாக வேலி போட்டார். கட்டுக்கம்பியை வெட்டி வெட்டி எங்கள் பக்கம் வீசியிருக்கிறார். நான் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை. எங்கள் தோட்டத்தில் கம்பி வர வேறு வழியே கிடையாது.

குழந்தைவேலு வேறு யாருமில்லை, என் தங்கை சாரதாமணியின் வீட்டுக்காரர். அதனால்தான் இன்னும் அதிகமாகக் கசக்கிறது. பால் சொசைட்டியில் ஊரே கேனோடு நிற்கும்போது கேட்டுவிட்டேன், "எம்மாட்டக் கொன்னு போட்டீங்களே, இப்பத் திருப்தியா?" என்று. மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தப்பு செய்யாதவன் அப்படியா போவான்? மூன்று வாரமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

துளசிமணி பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இத வெச்சுட்டு என்ன பண்ணப் போறீங்க? போன மாடு வந்துருமாக்கு?" என்றாள்.

"மாடு வராது. உண்மை வரும்" என்றேன். நன்றாகச் சொன்னேன் என்று எனக்கே தோன்றியது. என் மனைவி சாணி அள்ளப் போய்விட்டாள்.

பிப்ரவரி 4, ஞாயிறு

பழகினேன். கைப்பிடி, நீளமான குழாய், அடியில் ஒரு வட்டம், காதில் மாட்ட ஒரு ஹெட்போன். வட்டத்தைத் தரைக்கு மேல் நாலு விரல் உயரத்தில் ஆட்டிக்கொண்டே நடக்க வேண்டும். இரும்பு இருந்தால் 'கீ' என்று கத்தும். விளக்கப் புத்தகத்தில் தமிழும் இருக்கிறது. "உங்கள் கருவியை ஆனந்தமாக ஊஞ்சலாட்டுங்கள்" என்று போட்டிருக்கிறது. மொழிபெயர்த்தவரை ஊஞ்சலில் கட்டி வைக்க வேண்டும்.

சோதனைக்காக ஒரு டம்ளரைப் புதைத்தேன். எங்கள் செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம் போல, எங்கே காட்டினாலும் முனகுகிறது. டம்ளரைக் கண்டுபிடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதுவும் மண்வெட்டி பட்டு நசுங்கிவிட்டது. ரோட்டில் போன பெருமாயி, "பொதையலு கெடச்சா எங்களுக்கும் ஒரு குண்டுமணி குடுங்கண்ணா" என்று கத்திவிட்டுப் போகிறாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும்.

துளசிக்கு இந்த வாரமே தோட்டத்தை உழுதுவிட வேண்டுமாம். "டிராக்டர் வரச் சொல்லி ஆழ உழுது போட்டர்லாங்க, ஈரம் போயிரும்" என்றாள். தை மாதத்தில் என்ன ஈரம்? நான் ஆராய்ந்து முடிக்கும் வரை ஒரு கலப்பையும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 5, திங்கள்

தோட்டம் ஒரு ஏக்கர் பத்து சென்ட். தட்டு அறுத்த பிறகு வெறும் தாள்தான் நிற்கிறது, நடக்க வசதி. முளை அடித்துக் கயிறு கட்டிப் பன்னிரண்டு தடமாகப் பிரித்தேன். குழந்தைவேலுவின் வேலி ஓரம் தடம் 1. இந்தப் பக்கம் வரப்பு ஓரம் தடம் 12. ஒரு தடத்துக்கு ஐம்பது நிமிடம். காலை 6.30 மணிக்குப் புறப்பாடு.

தடம் 1, தடம் 2 முடிந்தது. கிடைத்தது: சோடா மூடி, உடைந்த கருக்கரிவாள் நுனி, யாரோ தொலைத்த சைக்கிள் பூட்டு, மாட்டு லாடம் ஒன்று. கட்டுக்கம்பி ஒரே ஒரு துண்டு. ஒன்று கிடைத்தது போதும் எனக்கு. கையில் எடுத்ததும் உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். குழந்தைவேலு அந்தப் பக்கம் மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். அவர் பார்க்கட்டும் என்று தூக்கிப் பிடித்தேன். பார்த்தார். மறுபடி குனிந்து மடையைத் திருப்பினார்.

பவுனுவின் கம்பியை மாத்திரை பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் துரு. இரண்டும் ஒல்லி. வேலிக் கம்பியை வளைத்தால் வளைந்தபடியே நிற்கிறது. பவுனுவின் கம்பி வளைத்தால் விருட்டென்று நிமிர்ந்துகொள்கிறது. வயிற்றுக்குள் கிடந்ததால் இறுகியிருக்கும்.

பிப்ரவரி 7, புதன்

தடம் 3, 4. ஒன்றும் இல்லை. இடது தோள் வலிக்கிறது.

பிப்ரவரி 8, வியாழன்

துளசியின் போக்கு எனக்குப் புரியவில்லை. ஒரு போர் சோளத்தட்டு வாசலில் அடுக்கியிருக்கிறது. அதைத் தொடாமல், வெயில் ஏறும் முன்பே வாய்க்கால் வரை நடந்து, புல் அறுத்துத் தலையில் சுமந்து வந்து சிட்டுவுக்குப் போடுகிறாள். சிட்டு பவுனுவின் கடைசிக் கன்று. இப்போது ஆறு மாதச் சினை. "சினை மாட்டுக்குப் பச்சைதான் நல்லதுங்க" என்கிறாள். ஐம்பத்தேழு வயதில் தினமும் இரண்டு கட்டுப் புல் சுமப்பது இவளுக்கு நல்லதா? கேட்டால், பேச்சை மாற்றிச் சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

பால் விட்ட காபியும் குடிப்பதில்லை. பொங்கலிலிருந்தே வரக்காபிதான். வாயு என்கிறாள்.

இன்று விடிந்ததும் பார்த்தால் அவள் கிழக்குத் தோட்டத்தின் நடுவில் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு துணி முடிச்சு, கயிற்றில் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டு போகிறாள். என்னைக் கண்டதும் மடியில் போட்டுக்கொண்டாள். "கோரைக் கெழங்குங்க" என்றாள். கோரைக் கிழங்கைக் கயிறு கட்டி இழுத்துப் பிடுங்குவதை நான் இன்றுதான் பார்க்கிறேன்.

பரண் மேல் இருந்த பழைய ரேடியோவை யாரோ கழற்றியிருக்கிறார்கள். ஸ்பீக்கர் கிழிந்து கிடக்கிறது, அதன் காந்தத்தைக் காணோம். எலி காந்தம் தின்னாது. மகள் நித்யகலா ஓசூரிலிருந்து போன் செய்தபோது கேட்டேன். "அம்மாவக் கேளுங்கப்பா" என்றாள். கேட்கவில்லை. வேறு வேலை இருந்தது.

பிப்ரவரி 10, சனி

தடம் 5. ஒன்றும் இல்லை. வேலியிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி வந்துவிட்டோம், இருக்காதுதான். இருந்தாலும் முழுத் தோட்டத்தையும் பார்த்து முடித்தால்தான் கணக்கு சுத்தமாக இருக்கும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

சாரதாமணி வந்தாள். தனியாக. வாசலிலேயே நின்றாள், துளசி கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள். அவள் மகள், என் மருமகள் இந்துமதிக்கு வரும் 25ஆம் தேதி நிச்சயம். மாப்பிள்ளை வீடு பவானி.

"தாய்மாமன் நீங்க வந்து நின்னாத்தான் தட்டு மாத்துவாங்களாமாண்ணா. மாப்பிள்ளை வீட்டுல கண்டிசனாச் சொல்லிப்போட்டாங்க."

"எம்மாட்டுக்கு ஒரு பதில் சொல்லட்டும். உங்க வீட்டுக்காரரு வந்து, 'ஆமாங்க மச்சான், எந்தப்புதான்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் மொத ஆளா வந்து நிப்பேன்" என்றேன்.

சாரதாமணியின் கண் கலங்கியது. துளசியைப் பார்த்து, "நங்கையா, நீங்களாச்சும் சொல்லக்கூடாதா?" என்றாள். துளசி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாத்தனாரும், நங்கையா என்று அவள் கூப்பிடும் அண்ணியும் இத்தனை வருடம் ஒரே உயிராக இருந்தவர்கள். இன்று ஒருத்தி கேட்க, ஒருத்தி வாயையே திறக்கவில்லை. என் பக்கம் நியாயம் இருப்பது அவளுக்கும் தெரியும் என்று எடுத்துக்கொண்டேன்.

தங்கை காபி குடிக்காமல் போனாள். நான் சொன்னது அதிகமோ என்று தோன்றியது. தோன்றியதை எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 12, திங்கள்

துளசி கவுந்தப்பாடியில் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டாள். தடம் 6 பாதி. வெயில்.

சிட்டுவுக்குப் புல் இல்லை. வாய்க்கால் வரை நடக்க எனக்கென்ன பைத்தியமா? போரிலிருந்து இரண்டு கட்டுச் சோளத்தட்டு உருவி, மெஷினில் வெட்டிப் போட்டேன். ஆசையாகத் தின்றாள். ஒரு மாதமாக நாக்கு செத்துக் கிடந்திருக்கிறாள் பாவம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

தடம் 7. சிக்னல் இருந்தது. தோண்டினேன். செம்மண்ணில் ஒரு கறுப்புத் திட்டு. அதில் சில துண்டுகள் கிடைத்தன. டிடெக்டர் சரியாக வேலை செய்யவில்லை, ஒரே இடத்தில் நின்று கத்துகிறது. பேட்டரி மாற்ற வேண்டும்.

கேஸ் சிலிண்டர் வந்தது, 3.40. மோட்டார் ஸ்டார்ட்டரில் எறும்பு, சுத்தம் செய்தேன். ராத்திரிக்கு ரவா உப்புமா.

பிப்ரவரி 14, புதன்

இன்று தோட்டத்துக்குப் போகவில்லை. தோள் வலி.

பிப்ரவரி 16, வெள்ளி

சிட்டு நேற்று சாயங்காலத்திலிருந்து தின்னவில்லை. முதுகைக் கூன் போட்டுக்கொண்டு நிற்கிறாள். முன்னங்காலை அகட்டி வைத்திருக்கிறாள். படுக்கப் போய், முனகி, மறுபடி எழுந்துகொள்கிறாள். பவுனுவும் இப்படித்தான் ஆரம்பித்தாள்.

டாக்டரம்மா 9.15க்கு வந்தார். ஊசி போட்டார். கட்டை விரல் தடியில் ஒரு காந்தத்தை வாய் வழியாக உள்ளே தள்ளினார். கம்பி ஏதாவது இருந்தால் அதில் ஒட்டிக்கொண்டு நகராமல் கிடக்குமாம். முன்னங்கால் இரண்டும் உயரத்தில் நிற்கும்படி பலகை போடச் சொன்னார்.

"அஞ்சு நாள் பாக்கலாம் சார். முன்னாடியே புடிச்சுட்டோம், பயப்படாதீங்க. என்ன தீவனம் போட்டீங்க?"

துளசி என்னைப் பார்த்தாள். "எப்பவும் போடறதுதான்" என்றேன்.

டாக்டரம்மா போன பிறகு துளசி போரிடம் போனாள். தட்டுக் கட்டுகளை எண்ணிப் பார்த்திருக்கிறாள். திரும்பி வந்து சிட்டுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிப்ரவரி 17, சனி

காலையில் யாருக்கும் தெரியாமல் டிடெக்டரை எடுத்துப்போய்ச் சிட்டுவின் வயிற்றோரம் காட்டினேன். இடது முழங்கைக்குப் பின்னால் 'கீ' என்று ஒரே கத்து. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"சார், நான் நேத்துப் போட்ட காந்தமே அப்படித்தான் கத்தும்" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொழுவத்துச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றேன். 62 வயதில் மாட்டுக்காக அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழுதேன். மாட்டுக்காக மட்டும் இல்லை.

ஒரு பிடி தின்றாள். அசை போடவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

காலை 7.10. குழந்தைவேலு வந்தார். தலையில் ஒரு கட்டுப் புல். என்னிடம் வராமல் நேரே தொழுவத்தில் இறக்கினார்.

"எங்க வாய்க்கா மேட்டுப் புல்லுங்க மச்சான். சுத்தமானது. தின்னாத் திங்கட்டும்."

"சிட்டுக்கு முடியலைன்னு யாரு சொன்னாங்க?"

"டாக்டரம்மா வண்டி நின்னதப் பாத்தனுங்க."

திரும்பிப் போகப் பார்த்தார். எனக்கு என்ன தோன்றியதோ, மாத்திரை பாட்டிலை எடுத்து வந்து நீட்டினேன். கூடவே, ஏழாம் தடத்தில் தோண்டியெடுத்த துண்டுகளையும் உள்ளங்கையில் காட்டினேன்.

"மாப்பிள்ளை, இது என்ன கம்பின்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் பாட்டிலைப் பார்க்கவேயில்லை. "தெரியுமுங்க."

"எப்பத் தெரியும்?"

"டாக்டரம்மா எடுத்துக் காட்டுனாங்கல்ல, அன்னைக்கேதானுங்க. நானும் பக்கத்துல நின்னனே. டயர்க் கம்பிங்க அது, டயரு எரிஞ்சா மிஞ்சறது."

"தெரிஞ்சு வெச்சுட்டு, சொசைட்டில நான் அத்தன பேச்சுப் பேசறப்ப ஏன் வாயத் தொறக்கல?"

சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "அந்தக் கம்பிய எடுத்தப்பவே அக்கா எம்மூஞ்சியப் பாத்துச்சுங்க. ஒண்ணுஞ் சொல்லுல. பாத்துச்சு, அவ்வளவுதான். எனக்குப் புரிஞ்சுபோச்சு. கடலை போட்ட காலத்துல, காட்டுப்பன்னி எறங்கறப்ப, அது ஒண்டியாக் கெடந்து எரிச்ச டயருங்க. நானே நாலஞ்சு தடவ வந்து கூட நின்னுருக்கறேன். ஆனா தெனமும் வர முடியுமுங்களா? எனக்கும் காடு கெடக்குதே."

"அத எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

அவர் தோள் துண்டை எடுத்து உதறினார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார் என்று தெரிந்தது.

"உங்க கோவம் எம்மேல எறங்குனா, ஒரு மாசம் பேசாம இருப்பீங்க. நாம் பொறுத்துக்குவேன். அக்கா மேல எறங்குனா, அது எங்கீங்க மச்சான் போகும்?"

அதற்குப் பிறகு என்ன பேசினோம், எப்போது போனார் என்று நினைவில்லை. மணி பார்க்கவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

சிட்டு அரைக் கட்டுப் புல் தின்றாள்.

இந்த நோட்டுக்காவது உண்மையைச் சொல்ல வேண்டும். பதிமூன்றாம் தேதி கறுப்பு மண்ணிலிருந்து முதல் துண்டு கைக்கு வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. வளைத்தேன், நிமிர்ந்துகொண்டது. பேட்டரியில் ஒரு கோளாறும் இல்லை. ஐந்தாம் தேதி பவுனுவின் கம்பியை வளைத்தபோதே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த டயர்களை அனுப்பியவன் நான். கோயமுத்தூரில் டெப்போவுக்கு எதிரில் ஒரு பழைய டயர் கடை இருந்தது. ஒவ்வொரு கடலைப் பட்டத்துக்கும் இரண்டு, மூன்று டயர் வாங்கி, ஊர்ப் பக்கம் வரும் லாரியில் ஏற்றிவிடுவேன். "ராத்திரிக்கு ஒண்ணு கொளுத்து, அந்த நாத்தத்துக்குப் பன்னி எட்டிப் பாக்காது" என்று போனில் சொன்னது என் வாய்தான். சொன்னதோடு சரி. எரிந்ததா, பன்றி வந்ததா, நீ பயந்தாயா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நாலு வருடம் அப்படிப் போயிற்று. வாரம் ஒரு நாள் வருவேன். கடலை எத்தனை மூட்டை தேறும் என்று கேட்பேன். தூங்குவேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவேன்.

ஓய்வு பெற்று வந்ததும் கடலை வேண்டாம், சோளம் போடலாம் என்றதும் நான். ரொட்டவேட்டர் விட்டு மண்ணைப் பொடிப்பொடியாகக் கிளறச் சொன்னதும் நான். எல்லாம் முடிந்து, அடுத்த தோட்டக்காரரைக் கொலைகாரர் என்று சொன்னதும் நான்.

இதில் எதுவும் எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை என்றுகூடச் சொல்வேன். உறைத்தது வேறு. என் மனைவியும் தங்கை வீட்டுக்காரரும் வாய் விட்டுப் பேசிக்கொள்ளாமலே, ஒரே பார்வையில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இந்த ஆளிடம் சொல்ல முடியாது என்று.

பிப்ரவரி 20, செவ்வாய்

அசை போட்டாள். துளசி அதைப் பார்த்துவிட்டு வந்து, எனக்கு இரண்டு தோசை அதிகம் வைத்தாள்.

பிப்ரவரி 21, புதன்

பால் சொசைட்டி, காலை 6.40. அன்று எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேர் வரும் வரை ஓரமாக நின்றேன். குழந்தைவேலு கேனோடு வரிசையில் நான்காவது ஆளாக நின்றார். பேச வேண்டியதை நேற்றே மனப்பாடம் செய்திருந்தேன். வாயைத் திறந்ததும் பாதி மறந்துவிட்டது.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேட்டுக்கங்க. எம்மாடு செத்ததுக்கு மாப்பிள்ளை காரணம்னு இங்கதான் கத்துனேன். அது பொய்யி. அது வேலிக் கம்பி இல்ல, டயர்க் கம்பி. அந்த டயர எந்தோட்டத்துக்கு அனுப்புனது நான். மாப்பிள்ளை, எம்மேலதான் தப்பு. மன்னிச்சுக்கங்க."

துளசியின் பெயரை எடுக்கவில்லை. பால் அளக்கிறவர் கையில் லிட்டரை வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறார். குழந்தைவேலுவுக்குக் காது வரை சிவந்துவிட்டது, என்னைவிட அவருக்குத்தான் கூச்சம்.

"பாலு திரிஞ்சுரும் மச்சான். ஊத்திப்போட்டு வந்தர்றேன், போலாம்" என்றார்.

வெளியே வந்து இரண்டு பேரும் டீ குடித்தோம். கடைக்காரர் சர்க்கரை போட மறந்துவிட்டார். இரண்டு பேரும் சொல்லவில்லை.

சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியுமாக வெற்றிலை பாக்கு வைத்து, நிச்சயத்துக்கு முறைப்படி அழைத்தார்கள். சாரதாமணி போகும்போது துளசியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "நீங்க சொல்லியிருந்தா நான் உங்கள உட்டுக் குடுத்திருப்பனா நங்கையா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. கேட்காதது மாதிரி விளக்கைப் போட்டேன்.

பிப்ரவரி 22, வியாழன்

டாக்டரம்மா வந்து பார்த்தார். சிட்டுவுக்கு ஆபத்து இல்லை. கன்றும் நன்றாக இருக்கிறதாம். காந்தம் உயிர் உள்ளவரை உள்ளேயே இருக்கும், ஒன்றும் செய்யாதாம். போரை எரிக்கச் சொன்னார். எரித்தேன்.

சொசைட்டியில் நான் பேசியது துளசிக்கு எட்டியிருக்கும், பெருமாயி இருக்கும் ஊர் இது. ஆனால் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முந்நூறு டிரைவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். இதற்கு நாக்கு வரவில்லை.

பிப்ரவரி 24, சனி

நாளைக்கு நிச்சயம். துளசி என் வேட்டி சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டு, கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். காலை 9.30 இருக்கும். டிடெக்டரை எடுத்துக்கொண்டு போய் எதிரில் நின்றேன்.

"துளசி, டயரு எங்கெங்க எரிச்சேன்னு காட்டறயா? ஒரு துண்டு உடாமப் பொறுக்கிப் போடலாம்."

அவள் கை நின்றது. தலை நிமிரவில்லை.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"பதினொரு நாளாச்சு."

"கேக்காமயே இருந்தீங்க."

"நீயும் சொல்லாமயே இருந்தியே."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். "கத்தியிருப்பேன்" என்றேன்.

"ம்" என்றாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க."

என் முளையையும் கயிற்றையும் அவள் பார்க்கவே இல்லை. தாண்டிப் போனாள். நேரே நடந்து, ஓர் இடத்தில் நின்று குதிகாலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தாள். வட்டத்தைக் காட்டினேன். கத்தியது.

"இது மொத மொத எரிச்ச எடம். ஒரு பொட்டி தீக்குச்சி தீந்துபோச்சு, டயரு புடிக்கவே இல்ல. அப்பறம் சீமெண்ணெ ஊத்துனேன். புருவம் பொசுங்கிப்போச்சு. நீங்க அந்த வாரம் வந்தப்பக் கண்டுக்கவே இல்ல."

அடுத்த இடம். கத்தியது. "இது நித்யாவுக்குக் காமாலை கண்டிருந்தப்ப. உள்ளார தாப்பாப் போட்டுக்க கண்ணுன்னு சொல்லிப்போட்டு வந்தேன். இங்க நிக்கறேன், மனசு பூரா அங்க."

"எனக்குச் சொல்லவே இல்லையே?"

"ஞாயித்துக்கெழம நீங்க வரும்போது எந்திரிச்சு உக்காந்துட்டா. அப்பறம் என்ன சொல்றது?"

இப்படியே போனோம். பெரிய வளையங்களை எல்லாம் அவளே பொறுக்கி எடுத்துவிட்டாளாம். பொடிக் கம்பி சாம்பலோடு மண்ணில் போய்விட்டது, அது மாட்டுக்குள் போகும் என்று நினைக்கவில்லை என்றாள். பொங்கலிலிருந்து விடியும் முன்னே ரேடியோக் காந்தத்தைத் துணியில் கட்டி இழுத்து, ஒரு டப்பா நிறையப் பொறுக்கியிருக்கிறாள். அதையும் காட்டினாள். ஆறாவது இடத்தில் சேலையைக் கொஞ்சம் உயர்த்தி, கெண்டைக்காலில் இருந்த நீளத் தழும்பைக் காட்டினாள். "அருவா பட்டுருச்சுன்னு உங்ககிட்டச் சொன்னனே, அது பன்னி. இங்கதான் எம்பக்கம் திரும்புச்சு." நான் அந்தத் தழும்பை ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "இது உங்களுக்கு டெப்போவுல நல்ல டைம் கீப்பருன்னு ஷீல்டு குடுத்த அன்னைக்கு" என்றாள் எட்டாவது இடத்தில். அன்றைக்கு எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள், அதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

எல்லாமாகப் பதினொரு இடம். ஒன்றுகூடத் தப்பவில்லை, அவள் கால் வைத்த இடமெல்லாம் கத்தியது. கத்தக் கத்த எனக்குக் காது கூசியது. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சி நட்டேன்.

பிறகு அவள் தோட்டத்தின் நடுவில் கொஞ்சம் தாழ்வாக இருக்கும் ஓர் இடத்தில் போய் நின்றாள். அங்கேயும் வட்டத்தை ஆட்டினேன். சத்தம் இல்லை. திருகைக் கூட்டி வைத்துப் பார்த்தேன். சுற்றிச் சுற்றி வந்தேன். சத்தம் இல்லை.

"இங்க ஒண்ணுமில்லையே" என்றேன்.

"இங்க எரிக்கல. இங்கதான் உக்காந்திருப்பேன்" என்றாள். "விடியற வரைக்கும்."

டிடெக்டரை அணைத்துக் கீழே போட்டுவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல வெயில், மணி பத்தரைதான். சுற்றிலும் பார்த்தேன். நிற்கும்போது தெரிகிற எங்கள் வீடு, அங்கே உட்கார்ந்தால் தெரியவில்லை.